ஏ.சி.யை அணைத்தவளுக்கு

போன மாதம் எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. படூர் பக்கத்தில் ஒரு மருத்துவமனை. என்னைத் தியேட்டருக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் இளம் நர்ஸ் ஒருத்தி வந்து, காகிதம் மாதிரி இருந்த ஒரு போர்வையை என்மேல் விரித்தாள். அதிலிருந்து ஒரு தடித்த குழாய் கீழே இருந்த பெட்டிக்குப் போயிற்று. அவள் பெட்டியின் சுவிட்சைத் தட்டியதும் போர்வை மெல்ல உப்பிக்கொண்டு எழுந்தது. மொட்டைமாடியில் காய்ந்த துணியை அப்படியே எடுத்துப் போர்த்திக்கொண்டதுபோல, கழுத்திலிருந்து பாதம்வரை வெதுவெதுப்பு பரவியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பயமா இருக்கா ஆன்ட்டி?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. எனக்கு ஒரு சிநேகிதி இருந்தா. அவளை நெனச்சுக்கிட்டேன்" என்றேன்.

எதிர்ச் சுவரில் ஒரு வழிமுறைப் பலகை மாட்டியிருந்தார்கள். மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அறுவைக்கு முன்பே உடல் வெப்பத்தை அளக்க வேண்டும். குறைவாக இருந்தால், அவசரமில்லாத அறுவையைத் தொடங்கக் கூடாது. உடம்பில் ஏற்றும் திரவத்தையும் இரத்தத்தையும் வெதுவெதுப்பாக்கித்தான் ஏற்ற வேண்டும். வெளியே வந்த பிறகும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் எனக்கு உன் குரலில்தான் கேட்டது.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நாள் தோன்றவில்லை. இப்போது காலை நீட்டியபடி வீட்டில் கிடக்கிறேன். எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நாம் இரண்டு பேரும் செங்கல்பட்டு வந்து சேர்ந்தோம். நான் பிரசவ அறுவை, நீ மயக்க மருந்து. ஸ்டேஷனுக்குப் பின்னால், கொளவாய் ஏரிக் காற்று நேராக உள்ளே வரும் வீட்டில் ஒரே அறை. மயக்க மருந்து டாக்டர் என்றால் அந்தக் காலத்தில் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அறுத்தவர் பெயரை நோயாளி வாழ்நாளெல்லாம் சொல்வார். தூங்கவைத்து, மூச்சைக் காத்து, எழுப்பி அனுப்பியவளைப் பார்த்திருக்கவே மாட்டார். "தூங்கறவங்களுக்கு என்னை எப்படிடி தெரியும்?" என்று நீ சிரிப்பாய். உனக்கு அதில் வருத்தம் இருந்ததாக நான் ஒருநாளும் கண்டதில்லை.

நாம் சேர்ந்த கொஞ்ச நாளில் தியேட்டருக்கு ஏ.சி. வந்தது. பெரிய டாக்டர் அலைந்து திரிந்து, மேலிடத்தில் மன்றாடி வாங்கி வந்தது. அவர் மருத்துவமனையின் தலைவர், கைதேர்ந்த சர்ஜன், கோபக்காரர். அதற்கு முன்னால் சன்னலைத் திறந்துவைத்துத்தான் அறுவை. ஈ வரும். சர்ஜனின் நெற்றி வியர்வை நோயாளியின் வயிற்றில் சொட்டும். ஏ.சி. வந்ததும் அதெல்லாம் நின்றது. அவர் அதைப் பெற்ற பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார். குமிழை முழுக்கத் திருப்பி வைத்து, யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். எங்களுக்கும் சுகமாகத்தான் இருந்தது. கவுன், தொப்பி, முகமூடி என்று மூடிக்கொண்டு நிற்கிறவர்களுக்குக் குளிர் சுகம்தானே. மேசைமேல் கிடக்கிறவரைப் பற்றி நீ மட்டும்தான் யோசித்தாய்.

அந்த யோசனை ஒரு சாவிலிருந்து ஆரம்பித்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து குடலிறக்கத்துக்காக வந்த பெரியவர். நடந்து வந்து, தானே மேசையில் ஏறிப் படுத்து, "சீக்கிரம் முடிச்சு அனுப்பும்மா, நாத்து வுட்டது கெடக்குது" என்று உன்னிடம் சொன்னவர். அறுவையில் ஒரு குறையும் இல்லை. வார்டுக்குப் போனதும் உடம்பு தூக்கிப் போட்டது, பல் கிட்டியது. கட்டிலே ஆடியது. அன்று சாயங்காலம் இதயம் நின்றுவிட்டது. "வயசாச்சு, பலவீனமான இதயம்" என்று முடித்துவிட்டார்கள்.

நீ அன்றைக்கு அறையில் சாப்பிடவில்லை. "உள்ள வரும்போது அவர் கை சூடா இருந்துச்சு சரோ. வெளிய போறப்ப மீனைத் தொட்ட மாதிரி இருந்துச்சு. மூச்சைப் பாத்தேன், நாடியைப் பாத்தேன். இதை ஏன் யாரும் பாக்கறதில்லை?" என்றாய்.

மறுநாள் முதல் நீ பார்க்க ஆரம்பித்தாய். அறுவை முடிந்த ஒவ்வொருவருக்கும் தெர்மாமீட்டர். தியேட்டர் நர்ஸ் மேரி சிஸ்டர் தெர்மாமீட்டரை உதறி உதறிப் பார்த்து, "இதும் ரிப்பேரு டாக்டர். பாதரசம் ஏறவே மாட்டேங்குது" என்று குறைப்பட்டுக்கொண்டார். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரில் ஒரு அளவுக்குக் கீழே கோடே கிடையாது என்பதை நீதான் எங்களுக்கு எடுத்துச் சொன்னாய். "தெர்மாமீட்டர் கெடலை சிஸ்டர். அது காட்டுற எடத்துக்கும் கீழ இவங்க உடம்பு போயிருக்கு." பிறகு கல்லூரி இரசாயனக் கூடத்திலிருந்து நீளமான தெர்மாமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாய். அதை நோயாளியின் அக்குளில் இடுக்கி, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பாய். நாங்கள் கேலி செய்தோம். நீ கண்டுகொள்ளவில்லை.

மயக்கம் கொடுத்தவுடன் உடம்பு தன் சூட்டைக் காத்துக்கொள்கிற வித்தையை மறந்துவிடுகிறது. நடுங்கக்கூட முடியாது. அதன்மேல் ஸ்பிரிட் தடவுகிறோம், வயிற்றைத் திறந்து வைக்கிறோம், அறைக் குளிரில் இருந்த சலைனை நரம்பில் விடுகிறோம். விழித்ததும் உடம்பு இழந்ததையெல்லாம் ஒரேயடியாக மீட்கப் பார்க்கிறது. அந்த நடுக்கத்தில் பிராண வாயு செலவாகி, இதயம் திணறுகிறது. இதைத்தான் நீ பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாய். துணைக்கு நானும் வந்திருந்தேன்.

அவர் கேட்டார். கேட்டுவிட்டு, "வெந்நீர்ப் பை வெக்கணும்னு சொல்ல வரியா? எனக்கு அது தெரியும்மா. நான் முன்ன இருந்த ஊர்ல மயக்கத்துல இருந்த ஒருத்தன் கால்ல பையை வெச்சு, குதிகால் வெந்து போச்சு. அவனால சுடுதுன்னு சொல்ல முடியலை. அன்னிக்கே பையைத் தூக்கிப் போட்டேன்" என்றார்.

"நீங்க செஞ்சது சரி சார். நானும் பை வேணாம்னுதான் சொல்றேன். சூடு குடுக்கறதுக்கு முன்னாடி, இருக்கற சூடு போகாம பாத்துக்கலாம்."

"நீ மயக்கம் குடு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

வெளியே வந்ததும் உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். நீயோ, "குதிகால் விஷயம் நல்ல விஷயம்டி. எதைச் செய்யக் கூடாதுன்னு அவரே சொல்லிட்டார்" என்றாய். அவமானப்பட்ட இடத்திலும் எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவாய் நீ.

பிறகு கார்த்திகை அடைமழையில் தேசம்மா வந்தாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். ஒன்பதாம் மாதம், விடியும்போதே இரத்தப்போக்கு. சாலையில் வெள்ளம், பஸ் இல்லை. மீன் ஏற்றுகிற ஐஸ் லாரி ஒன்று எப்படியோ கிளம்பியிருக்கிறது. அதன் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்து, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவள் புருஷன் ஏழுமலை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வராந்தாவில் நின்றான். இரண்டு பேர்மேலும் மீன் வாடை. அவள் உதடு நீலம். புடவையிலிருந்து நீரும் இரத்தமும் சொட்டின.

"டாக்டரம்மா, ஒடம்பு ஐஸ் கணக்கா கீதும்மா. கூப்ட்டா மொனகுறா, கண்ணு தொறக்க மாட்டேன்றா. இன்னா ஆச்சும்மா இவளுக்கு?" என்றான்.

நச்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். "தியேட்டர், இப்பவே" என்றேன்.

"உன்னை ஒரு நிமிஷம்கூட நிறுத்த மாட்டேன் சரோ. நீ கை கழுவி வரதுக்குள்ள என் வேலையை முடிச்சுடறேன்" என்றாய்.

கை கழுவிக்கொண்டே கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன். அவளுடைய ஈரத் துணியை அவிழ்க்கக்கூட நீ காத்திருக்கவில்லை, கத்திரியால் வெட்டி எறிந்தாய். நீயும் மேரி சிஸ்டரும் அவளைத் துடைத்து, பஞ்சுச் சுருளைப் பிரித்து இரண்டு கால்களிலும் கைகளிலும் மெத்தைபோலச் சுற்றிக் கட்டினீர்கள். தலையைத் துண்டால் மூடினாய். சலைன் பாட்டில்கள் வெந்நீர் வாளியில் மிதந்தன. குளிர்பெட்டியிலிருந்து வந்த இரத்தம் அவளுக்குள் போவதற்குமுன், அதன் குழாயை வெதுவெதுப்பான நீர் இருந்த கிண்ணத்தில் சுருட்டி வைத்தாய். அந்த நீரையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாய். சூடு அதிகமானால் இரத்தம் கெட்டுவிடும் அல்லவா? ஊழியர் ஒருவர் நல்லெண்ணத்தில் கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மட்டும் கத்தினாய். "ஈதர் இருக்குய்யா உள்ள! எல்லாரும் எரிஞ்சு போவோம், வெளிய கொண்டு போ!"

அதன் பிறகு நேராகச் சுவரோரம் போய் ஏ.சி.யை அணைத்தாய். மேரி சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கத்திக்குக் கை நீட்டினேன்.

குழந்தையை எடுத்தேன். பெண். முதலில் சத்தமில்லை, பிறகு பூனைக்குட்டிபோல ஒரு முனகல், அப்புறம் அழுகை. தியேட்டரில் இருந்த அத்தனை பேரும் குழந்தையைத் துணியில் சுற்றவும் தொப்பி போடவும் ஓடினார்கள். தலைமாட்டில் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த நீ சொன்னாய்: "குழந்தைக்குக் குளிரும்னு எல்லாருக்கும் தெரியுது பாரு. அம்மாவுக்கும் அதே அறைதான்."

ஆனால் இரத்தம் நிற்கவில்லை. நச்சுக்கொடி இருந்த இடத்தில் கசிந்தது, தையல் போட்ட ஊசித் துளைகளிலும் கசிந்தது. தண்ணீர்போல ஓடியது, உறையவே இல்லை. "கர்ப்பப்பையை எடுத்துடட்டுமா?" என்றேன்.

"எடுத்தாலும் வெட்டின எடத்துல கசியும் சரோ. உடம்பு குளிர்ந்து கெடக்கு, அதான் ரத்தம் உறைய மாட்டேங்குது. அழுத்திப் பிடி. எனக்குக் கொஞ்சம் டைம் குடு."

அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்துகொண்டு பெரிய டாக்டர் வந்தார். உள்ளே புழுக்கம். எங்கள் கவுன் முதுகோடு ஒட்டியிருந்தது.

"யாரு ஏ.சி.யை ஆஃப் பண்ணது?"

"நான்தான் சார்" என்றாய், அவளுடைய மூச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரைக் கேட்டு?"

"கேக்க நேரமில்லை சார். ஐஸ் லாரியில வந்திருக்காங்க. தொட்டுப் பாருங்க. இவங்க உடம்புல சூடு ஏறட்டும். அப்புறம் மெமோ குடுங்க, என்ன வேணும்னாலும் செய்யுங்க. இப்ப அதை மட்டும் போடாதீங்க."

உன் குரல் உயரவில்லை. கெஞ்சவும் இல்லை. அவர் சுவிட்சுப் பக்கம் இரண்டடி வைத்ததை நான் பார்த்தேன். பிறகு நின்று, மேசைக்கு வந்து, பஞ்சுக்கு மேலே தெரிந்த அவள் தோளைத் தொட்டார். கையை உடனே எடுக்கவில்லை. என் விரல்களுக்கு நடுவில் கசிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். வெளியே போனார்.

மெமோ எழுதத்தான் போகிறார் என்று நினைத்தேன். கை கழுவிக்கொண்டு திரும்பி வந்து எனக்கு எதிரே நின்றார்! "சிஸ்டர், அழுத்திப் பிடிக்க வெதுவெதுப்பான துணி பேடு குடுங்க. வெந்நீர் இன்னும் வரட்டும்" என்றார். நானும் அவரும் சேர்ந்து அழுத்திக்கொண்டு நின்றோம். வெளியே ஏழுமலையும் லாரியில் கூட வந்த இருவரும் இரத்தம் கொடுத்தார்கள். உடம்பிலிருந்து எடுத்த சூடு ஆறுவதற்குள் அது உன் கைக்கு வந்தது. பெரிய டாக்டரின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. மேரி சிஸ்டர் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தார். நீ அவ்வப்போது அந்த நீளத் தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய்.

"ஏறுது" என்றாய் ஒருமுறை.

கொஞ்ச நேரத்தில் என் விரலடியில் இரத்தம் பிசுபிசுத்தது. பேடை எடுத்தேன். சின்னக் கட்டி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு இரத்தக் கட்டியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

வராந்தாவில் ஏழுமலை ஈர வேட்டியோடு சுவரில் சாய்ந்து நின்றான். நீதான் போய்ச் சொன்னாய். "பொண்ணு பொறந்திருக்கு. உன் சம்சாரம் பொழைச்சுக்கிட்டா."

அவன் நம்பவில்லை. "நெசமாவா? கைய தொட்டா சூடா இருக்குமா?" என்று கேட்டான்.

நீ அவனை உள்ளே கூட்டிப்போய், அவள் கன்னத்தில் அவன் கையை எடுத்து வைத்தாய். "இருக்குது" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

மெமோ வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. அவர் அந்த மாதிரி ஆள் இல்லை. மறுநாள் காலை முதல் அறுவைக்கு வந்தவர், உள்ளே நுழைந்ததும் தானே போய் ஏ.சி. குமிழைப் பாதியாகக் குறைத்தார். "போதுமாம்மா?" என்று உன்னைக் கேட்டார். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. என் தோழி அங்கே நின்று, "போதும் சார்" என்றாள். அப்போது எனக்கு இருந்த கர்வம் என் பட்டமளிப்பு நாளில்கூட இருந்ததில்லை.

அந்த வாரமே உன்னை விதிகள் எழுதச் சொன்னார். ஊழியருக்கும் புரிகிற தமிழில் எழுதினாய். ஈரத்தோடு யாரையும் மேசையில் ஏற்றாதே. அறுக்கிற இடத்தைத் தவிர மற்ற இடத்தை மூடு. ஸ்பிரிட் குளமாகத் தேங்க விடாதே, துடை. நரம்பில் விடுவது எதுவும் குளிர்ந்திருக்கக் கூடாது. நடுங்குகிறவரை வார்டுக்கு அனுப்பாதே, உன் பக்கத்திலேயே வைத்துக்கொள். கடைசியில், "மயக்கத்தில் இருப்பவரால் சுடுகிறது என்றும் சொல்ல முடியாது, குளிர்கிறது என்றும் சொல்ல முடியாது. அவருக்காக நாம்தான் தொட்டுப் பார்க்க வேண்டும்" என்று ஒரு வரி. அதைப் படித்ததும் பெரிய டாக்டர் குதிகாலை நினைத்திருக்க வேண்டும். பேனாவால் அதன் கீழே கோடு போட்டார். அவருடைய கையெழுத்தோடு அது மற்ற ஊர் மருத்துவமனைகளுக்கும் போயிற்று. உன் பெயர் அதில் எங்கும் இல்லை. நான் கொதித்தேன். "அவர் கையெழுத்து இருந்தாத்தான் படிப்பாங்கடி. படிக்கட்டும்" என்றாய்.

பிறகு உனக்கு மாற்றல் வந்தது, எனக்கும் வந்தது. எந்த ஊருக்குப் போனாலும் நீ முதலில் தொட்டது ஏ.சி. குமிழைத்தான் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உன் கடைசி வருஷங்களில், மெஷின் வந்துவிட்டது, சூடான காற்று ஊதுகிறதாம் என்று போனில் குழந்தைபோலச் சொன்னாய். "நம்ம பஞ்சைவிட நல்லா வேலை செய்யுதுடி" என்றாய். பொறாமையே இல்லாத ஒரு சந்தோஷம் அது.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றுக்கு வருகிறேன். மாற்றலுக்கு முன்னால் தேசம்மாவைப் பார்க்க அந்தக் குப்பத்துக்குப் போனோமே. பகல் வெயில், மணலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போய்விட்டாய். தேசம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில் கேட்டாள்.

"யக்கா, ஆஸ்பத்திரில எனக்கு எதுவுமே நெனப்பு இல்ல. ஒண்ணுதான். தூங்கறதுக்கு முன்ன என் ரெண்டு கன்னத்துலயும் யாரோ கை வெச்சிகினு இருந்தாங்க. அந்தக் கை சூடா இருந்துச்சு. அத்த வுட்றக் கூடாதுன்னு மட்டும் நெனச்சிகினே இருந்தேன். அது யாரு கை?"

அலையோரத்தில் அவள் மகளோடு நின்ற உன்னைக் காட்டினேன். அவள் வெகுநேரம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்ககிட்ட சொல்லிடாதக்கா, எனக்கு வெக்கமா கீது" என்றாள். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் திரும்பி வரும் பஸ்ஸில் நீ என்னென்னவோ கேட்டும் நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். தூங்குகிறவர்களுக்கு உன்னைத் தெரியாது என்று நீ சொன்னது தப்பு. ஒருத்திக்குத் தெரிந்திருந்தது.

என் கை பிறவியிலேயே குளிர்ந்த கை. அந்த நாளுக்குப் பிறகு, வேலையில் இருந்த கடைசி நாள்வரைக்கும், எந்தப் பெண்ணைத் தொடுவதற்கு முன்னாலும் இரண்டு உள்ளங்கைகளையும் நன்றாகத் தேய்த்துக்கொள்வேன். வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் அது போகவில்லை. அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டாலும், முதலில் நின்று கையைத் தேய்க்கிறேன். ஏன் என்று கேட்கிறவர்களிடம் உன் பெயரை முழுசாகச் சொல்கிறேன்.